தலைகீழாகத் தொங்கிய உறை

ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பிரெஞ்சு பயனெட் ஒன்று கிடந்தது. துப்பாக்கி முனையில் மாட்டுகிற அந்த நீளக் கத்திக்கு உறை இல்லை. போரில் பிரிந்த உறையை அது நூறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது. பிடியில் 1689 என்று எண் பொறித்திருந்தது. கத்திக்கும் அதன் உறைக்கும் ஒரே எண்தான் இருக்கும்.

எதிர்ச் சுவரில் ஓர் இரும்பு உறை தலைகீழாகத் தொங்கியது. அதில் 1689 என்று தெரிந்தது.

"நீதானே அது?" என்று பயனெட் தினமும் கேட்கும்.

"நீ படிக்கிறபடிதான்" என்று உறை சொல்லும். அதற்கும் ஒரு கத்தி இருந்தது. சண்டைக்குப் போனது, திரும்பி வரவில்லை.

ஒருநாள் பழைய ஆயுதங்களை மதிப்பிடும் செலஸ்தீன் அம்மா, கடைச் சாமான்களைப் பட்டியல் எடுக்க வந்தார். பித்தளைப் பிடியையும் கொக்கிபோல் வளைந்த கைக்காப்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். உறையைக் கழற்றி, அதில் கத்தியைச் செருகினார். டக்கென்று பொருந்தியது.

அப்புறம் உறையை நேராகத் திருப்பிப் படித்தார்.

"6891. ஒரே மாடல்தான் சார், ஆனா ஜோடி இல்ல" என்று கடைக்காரரிடம் சொன்னார். கத்தியை உருவிப் பெட்டிக்குள் போட்டார். உறையை நேராகவே மாட்டிவிட்டுப் போனார்.

"எனக்கு முதலிலிருந்தே தெரியும்" என்றது உறை. "சொல்ல மனசு வரவில்லை."



"அந்த அம்மா என்னைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்" என்றது பயனெட். "இப்போது என் எண்ணைப் படி, பார்ப்போம்."

"6891" என்றது உறை.