குழியடிச்சான் மூலை

"உப்பாத்து வரப்பை எவனோ வெட்டி விட்டிருக்கான், மேரி. உன் குழியடிச்சான் மூலை முழுக்க உப்புத் தண்ணி."

வயலிலிருந்து திரும்பிய கணவன் ரெமிஜியஸிடம், பாத்திமா மேரி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே, "உங்க நெல்லுப் பக்கம் போகலையே?" என்றாள்.

"போகல. எதிர்க்கரை இறால் குட்டைக்காரன் குழந்தைராஜ் வேலைதான் இது. போலீசுக்குப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும். பயிரைப் பாத்துட்டுப் போங்க."

போன புயலில் கடல் ஏறி மொத்த வயலும் கருகிய பிறகு, உப்பைத் தாங்கும் குழியடிச்சான் என்ற பழைய நெல்லுக்காக அவள் அவரிடம் மல்லுக்கட்டி வாங்கிய மூலை அது. மற்றதிலெல்லாம் ரெமிஜியஸ் வழக்கமான ரகத்தையே நட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்த மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பயிர் பச்சை மாறாமல் நின்றது.

ரெமிஜியஸ் குனிந்து தாளைத் தடவிப் பார்த்தார். "அடுத்த வருசம் மொத்தத்துக்கும் இதையே போட்டுடலாம். ஆனா குழந்தைராஜைச் சும்மா விடமாட்டேன்."

"அவரை விடுங்க. வரப்பை வெட்டினது நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சிருச்சு. அப்படியே விளைஞ்சிருந்தா, இந்த மழைக்கு எந்த நெல்லும்தான் விளையும்னு சொல்லியிருப்பீங்க."