பின்னிருக்கைப் பாட்டு

"எனக்குக் கேக்காட்டியும் காரியமில்ல மசூர். பின்னுக்கு இரிக்கிற ஆளுக்கு நல்லாக் கேக்கணும்."

கணவன் காலிதீனின் குரல்! திரைச்சீலைக்கு இப்பால் நின்ற நதீரா திடுக்கிட்டாள். கல்முனையில் ரேடியோ திருத்தும் மசூரின் கடை, அவன் வீட்டின் முன்னறைதான். மசூரின் மனைவி மைமூனாவைப் பார்க்க வந்த இடத்தில் இப்படியொரு பேச்சு காதில் விழுகிறதே!

காலிதீன் சவூதியில் உழைத்து வாங்கிய அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளில், பயத்தினால் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. அப்படியானால் பின்னால் இருப்பவர் யார்?

"ஆள் என்ன உசரம் மச்சான்? காதுக்கு நேராத்தானே ஸ்பீக்கரப் பூட்டணும்."

"உசரமில்ல. ரெண்டு காலையும் ஒரு பக்கம் போட்டுத்தான் இரிக்கிற."

"அல்லாவே! அப்ப பொம்புளையா?"

"மெல்லக் கதைடா! நாவிதன்வெளி போய்ச் சேருமட்டும் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அவ்வளவு வெக்கம். பாட்டுப் போட்டாலாவது அந்த வெக்கம் தெரியாதெண்டு பார்க்கன். நதீராக்குச் சொல்லிராத. தெரிஞ்சா இந்தப் பயணமே நிண்டுரும்."

வியாழன்தோறும் நாவிதன்வெளியில் வயல் பார்க்கப் போவதாகச் சொன்னதெல்லாம் இதற்குத்தானா? நதீராவின் கண்கள் நிரம்பின.

"ரெண்டாங் கலியாணமா புள்ள?" என்று மைமூனா காதோரம் கிசுகிசுத்து, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்.

மசூர், குலுங்கினாலும் அதிராதபடி அடியில் இறப்பர் வைத்து, ஸ்பீக்கர் இரண்டையும் பின்பக்கக் கம்பியில் பூட்டினான். பெட்டரியில் வயரைத் தொடுத்ததும் பாட்டு முழங்கியது.

"ஆள் இப்ப இஞ்ச வந்துரும்" என்றான் காலிதீன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலையை மறைத்த கறுப்புக் குடையொன்று மோட்டார் சைக்கிளருகே வந்து நின்றது. நதீரா திரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாய்ந்தாள்.

"எவடி நீ? என்ட புருஷனப் புடிக்க வந்த வெக்கக்காரி!"

குடை உயர்ந்தது. உள்ளே நின்றவர் சபியா உம்மா. நதீராவைப் பெற்ற தாய்.

போன உயிர் திரும்பியது நதீராவுக்கு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "நான் பயந்து மறிச்சுருவனெண்டா உம்மா, வயல் பார்க்கப் போறத்த எனக்கிட்ட ஒளிச்ச? ஏறி இரிங்க!"

பதினோராண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தும் மருமகனின் முகம் பார்த்து ஒரு சொல்லும் பேசியறியாத அந்த மாமியார், பின்னிருக்கையில் ஒரு பக்கமாக ஏறி அமர்ந்து, மசூரிடம் சொன்னார்:

"மருமகனுக்கிட்டச் சொல்லுங்க தம்பி, பாட்டக் கொஞ்சம் கூட்டி வெக்கட்டாம்."