புழு இல்லாத தூண்டில்

தூண்டில் முள்ளில் புழு இல்லை. இருந்தும் லேத் பட்டறைக்காரர் குளத்தங்கரையில் ஒரு மணி நேரமாக முழங்கையை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிதவையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள் பொறுக்கமாட்டாமல், முள் வெறுமையாக இருப்பதை எடுத்துச் சொன்னார்.

"தெரியும். மீன் வந்தா கவனம் கெட்டுடும்" என்றார் பட்டறைக்காரர். அந்த ஆள் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் மீன் அல்ல, பில்லியர்ட்ஸ். ஊர் மனமகிழ் மன்றத்தில் அதற்கு ஒரே ஒரு மேசை. அதில் மூன்று வருஷமாகச் சாம்பியன், வாட்ச் ரிப்பேர் செய்யும் மச்சான், அதாவது பட்டறைக்காரர் மனைவியின் அண்ணன். மூன்று வருஷமாக அவரிடம் தோற்றுக்கொண்டிருப்பவர் பட்டறைக்காரர். இரண்டாவதாக வந்தவர் மறுவருஷம் சாம்பியனோடு நேராக மோதுவது அங்கே வழக்கம். ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"இந்தத் தடவையும் எங்கண்ணன்கிட்ட தோத்தீங்கன்னா அந்தக் குச்சி எனக்கு" என்று மனைவி சொல்லியிருந்தாள். துணிக்கொடி தொய்கிறதாம், முட்டுக் கொடுக்க வேண்டுமாம். பத்து நாள் லேத்தில் கடைந்து அவரே செய்த பில்லியர்ட்ஸ் குச்சி அது. அவள் வாய்ப்பேச்சோடு விடுகிறவள் அல்ல, நூல் பிடித்து அளந்தும் பார்த்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் நாலு மாதத்துக்கு முன்னால் மச்சான் மனமிரங்கி ஒரு ரகசியம் சொன்னார். "மேசையில ஆளுக்கு அரைமணி நேரம். அதுல என்ன கத்துக்க முடியும் மாப்பிள்ளை? மிச்ச நேரத்துல கை என்ன செய்யுதோ, அதுதான் ஆட்டம். நான் தூண்டில் பிடிக்கிறேன். உங்களுக்கு மட்டும் சொல்றேன், வெளியே விட்டுடாதீங்க."

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. தூண்டில் பிடிக்கும்போது தோள் அசையக்கூடாது, முழங்கை கீல் மாதிரி நிற்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் வேலை செய்ய வேண்டும். பந்தை அடிப்பதற்கும் அதேதான். பட்டறைக்காரர் அன்றே மன்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டுக் குளத்துக்கு வந்துவிட்டார்.

மற்ற உறுப்பினர்களை நினைத்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக் கம்பளி பின்னுகிறார். லாரி டிரைவர் தீக்குச்சிகளை ஒட்டிக் கப்பல் செய்கிறார். வயசானால் புத்தி இப்படியெல்லாம் போகும் போல.

இருட்டுவதற்கு முன் மச்சான் வந்து, பிடியைச் சரிபார்த்து, தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். தினமும் வருவார், தவறியதே இல்லை. வீட்டில்தான் திட்டு விழும். "எண்ணெய்க் கறை போதாதா? இப்ப சட்டைத் தோள்ல தினமும் நீலம் வேற."

ஞாயிறு வந்தது. மன்றம் நிறைந்திருந்தது. மனைவி முதல் வரிசை. மச்சான் நீலச் சாக்கட்டியை எடுத்துக் குச்சி நுனியில் நிதானமாகத் தேய்த்தார்.

பட்டறைக்காரரின் கை அன்று பாறை. என்னவோ பந்துகள்தான் நினைத்ததைவிட ஒரு சாண் கூடுதலாக ஓடின. சமாளித்துச் சமாளித்துத் தன் ஏழு பந்துகளையும் குழியில் தள்ளிவிட்டார். மிச்சம் கறுப்பு. அதைப் போட்டால் கோப்பை.

கறுப்புப் பந்து எதிர் மூலைக் குழியின் வாயில். வெள்ளை இந்த மூலைக் குழிக்கு முன்னால். இரண்டும் ஒரே நேர்கோடு. கறுப்பு விழுந்ததும் வெள்ளையும் பின்னாலேயே போய் விழுந்தால் ஆட்டம் போச்சு. அதனால் வெள்ளையை நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். அது பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே முன்னால் போகும். துணியின் சொரசொரப்பில் அந்தச் சுழற்சி வழியிலேயே தேய்ந்து, கறுப்பை முட்டியதும் வெள்ளை அப்படியே நின்றுவிடும்.

மூச்சை அடக்கினார். மிதவையை நினைத்தார். அடித்தார்.

கறுப்பு விழுந்தது. வெள்ளை நின்றது. நின்ற இடத்தில் ஒரு கணம் சுழன்றது. பிறகு எஜமானைப் பார்த்த நாய் மாதிரி அவரை நோக்கியே திரும்பி ஓடிவந்து, இந்த மூலைக் குழியில் பொத்தென்று விழுந்தது.

பட்டறைக்காரர் குனிந்து மேசைத் துணியைத் தடவினார். பட்டு மாதிரி வழுக்கியது. சுழற்சி எங்கே தேய்வது?

"இந்தத் துணியை எப்ப மாத்தினாங்க?"

மன்றக் காவலாளி விரல் விட்டு எண்ணினார். "மூணு மாசம் ஆச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"மாத்திட்டாங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர், மடியில் பாதி பின்னிய கம்பளியோடு. லாரி டிரைவரும் பசை காய்ந்த விரலால் துணியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்குள் மனைவி குச்சியை வாங்கிக்கொண்டு, கொடிக்குப் போதுமா என்று தன் உயரத்தோடு வைத்துப் பார்த்தாள். பட்டறைக்காரர் மச்சானின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் தூண்டில்தானே பிடிக்கிறதா சொன்னீங்க?"

மச்சான் கோப்பையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இருக்கிறது ஒரே மேசை மாப்பிள்ளை. உங்களையெல்லாம் வேற எங்கதான் அனுப்புறது?"