விசாரிக்க வந்தவர்கள்

“இந்தப் பொடியனைத் தெரியுமோ அக்கா?” என்று அந்த மனிதர் கைப்பேசியை நீட்டியபோது சீதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குறிகட்டுவான் இறங்குதுறைக் கொட்டகையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நின்றவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கும். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவளைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

தகப்பன், தாய், நடுவில் ஒரு குமர்ப்பிள்ளை. கையில் அருச்சனைச் சாமான்கள். அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்பது வெறும் சாட்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு மூச்சுக் காட்டாமல் ஊருக்குள் விசாரித்துவிட்டு, பிடித்தால் இன்னொரு நாள் முறையாக வருவார்கள். எல்லோரும் செய்கிற வேலைதான். தரகர் இவர்களுக்குக் கொடுத்தது ஒரு குறிப்பும் இந்தப் படமும் மட்டும்.

படத்தில் ரஜீபன் வெள்ளைச் சேட்டோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

“தெரியும். எங்கட ஊர்தானே.”

போதாதா? மூன்று பேரும் பக்கத்து வாங்கில் குந்திக்கொண்டார்கள். தியாகலிங்கம் என்று தன் பெயரைச் சொன்ன தகப்பன், சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். கந்தோர் உத்தியோகம் நிரந்தரமோ? குடி, வெறி ஏதும் உண்டோ?

“நிரந்தரம்தான். குடியில்லை. சிகரெட் மணமே ஆகாது.”

அவள் பொய் சொல்லவில்லை.

தாய் றஞ்சனி அருகில் நகர்ந்து, குரலைத் தாழ்த்திச் சாதியை விசாரித்தாள்.

“என்ன ஆக்கள்?”

“உங்கட ஆக்கள்தான். பயப்பிடாதேங்கோ!” சீதேவி கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

றஞ்சனியின் முகம் கறுத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“வீட்டில தாய்க் கிழவி மட்டும்தானாம். எப்பிடி ஆள்? வாய்க்காரியோ? எங்கட பிள்ளையோட கொழுவுமோ?”

“அது கனகாலம் இராது.”

றஞ்சனிக்கு அது நல்ல சேதியாகவே பட்டது. புருசனைப் பார்த்துத் தலையசைத்தாள். என்ன சென்மங்களோ!

உத்தியோகம் சரி, பழக்கவழக்கம் சரி, ஆக்கள் சரி, மாமியும் போய்ச் சேர்ந்துவிடுவாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு பேரும் எழும்பி, தரகருக்கு அழைப்பெடுக்கக் கொட்டகை வாசலுக்குப் போனார்கள்.

பிள்ளை மட்டும் இருந்தாள். உனக்கு எப்படிப்பட்டவன் வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயர் நிலக்சனாவாம், தாய் கூப்பிட்டபோது காதில் விழுந்தது.

“அன்ரி,” என்றாள் மெல்ல. “அவர் கை நீட்டுவாரோ?”

‘இல்லை’ என்ற சொல் சீதேவியின் வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சீதேவிக்கு நல்லதுதான். இந்தப் பெட்டை எங்கே கிடந்து அடிபட்டால் அவளுக்கென்ன?

“அடிப்பான்.”

பிள்ளை வாங்கின் நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

“குடிக்காமலே அடிப்பான். சோத்தில உப்புக் கூடினாலும் அடிப்பான், குறைஞ்சாலும் அடிப்பான். பஸ் நிக்குது. எழும்பிப் போ!”

திரும்பி வந்துகொண்டிருந்த றஞ்சனியின் காதில் அது விழுந்துவிட்டது.

“இவ்வளவு நேரமும் நல்லவன் எண்டுபோட்டு, இப்ப பிள்ளையைத் தனியக் கண்டவுடன நஞ்சு ஊத்துறீரோ? உங்கட வீட்டுக் குமருக்குக் கேட்டுக் கிடைக்கேல்லையாக்கும்! ஒரு பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பிற நீரெல்லாம் ஒரு பொம்பிளையோ?”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. இந்த மாதிரிப் பேச்சு சீதேவிக்குப் புதிதல்ல, இதைவிட மோசமாகவே கேட்டிருக்கிறாள்.

தியாகலிங்கம் மனைவியைவிடக் கெட்டிக்காரர். அவருடைய கணக்கே வேறு.

“விடுமப்பா. குழப்ப ஆள் இருக்குதெண்டால் பொடியன் திறம் எண்டுதான் அர்த்தம். கூடாத சம்பந்தத்தை ஆர் குழப்பப் போறான்? இன்னொரு நாள் என்னத்துக்கு, இண்டைக்கே வீட்டை போய்க் கதைச்சு முடிப்பம்.”

படகு வந்தது. எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். சீதேவி கடைசி வாங்கில் போய்க் குந்தினாள். நிலக்சனாவின் கையைத் தாய் இறுக்கிப் பிடித்திருந்தாள். றஞ்சனி, சீதேவிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தாள். போகிறபோக்கில் “பொறாமை பிடிச்சதுகள்” என்று சொல்லவும் மறக்கவில்லை.

கயிற்றடியில் நின்ற படகுக்காரனைத் தியாகலிங்கம் கூப்பிட்டார்.

“தம்பி, கந்தோரில வேலை செய்யிற ரஜீபன்ர வீடு எந்தப் பக்கம்?”

அவன் சிரித்தான்.

“அதுக்கு ஏன் ஐயா என்னைக் கேக்கிறியள்? அந்தா, கடைசி வாங்கில இருக்கிறது அவரின்ர அம்மாதானே! அவாவோடயே போங்கோவன்.”

தியாகலிங்கம் கைப்பேசியில் இருந்த முகத்தைப் பார்த்தார், பிறகு சீதேவியின் முகத்தைப் பார்த்தார். றஞ்சனி மட்டும் திரும்பவேயில்லை.

நிலக்சனா தாயின் பிடியிலிருந்து கையை இழுத்து எடுத்தாள். எழும்பினாள். ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்குதுறையில் கால் வைத்தாள். தகப்பன் அவளுக்குப் பின்னால் இறங்கினார். கடைசியாக றஞ்சனியும் இறங்கினாள்.

படகுக்காரன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சீதேவியைப் பார்த்தான்.

அவள் இறங்கவில்லை. அவள் போகவேண்டியது அந்த வீட்டுக்குத்தான்.