மலைப்பாதைப் பரீட்சை

ஏகாம்பரம் டயரை ஓர் உதை உதைத்தார். கார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் உதைக்கிறார்கள், அவரும் உதைத்தார்.

"எண்பதாயிரம் அதிகம் தம்பி. குவைத்துலேர்ந்து மவன் நல்லா பாத்து வாங்கச் சொல்லிக்கிறான். மலைல ஒரு வாட்டி ஏத்திப் பாத்துடலாம்."

"இது மூணாவது வாட்டி பெரியவரே" என்றான் பழைய கார் வியாபாரி கோவர்த்தனன்.

"பொண்ணு பாக்கவே நாலு வாட்டி போறாங்கோ. இது எண்பதாயிரமாச்சே!"

திருப்பதியில் பழைய காருக்கு ஒரே பரீட்சைதான். திருமலைப் பாதையில் ஏற்ற வேண்டும். ரேடியேட்டர் கொதிக்காமல் மேலே போய்ச் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கப்பல் மாதிரி இருந்த இந்தப் பெரிய கார், போன இரண்டு மாதமும் ஜம்மென்று ஏறியது. ஆனாலும் கீழே வந்ததும் ஏகாம்பரம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லிவிட்டு, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன் என்று நடையைக் கட்டிவிடுவார். ஓசிப் பெட்ரோலில் ஊர்வலம் போகிறார் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

கூடவே பெண்சாதி வேறு. சென்னம்மாவைச் சரக்கு ரிக்‌ஷாவில் அழைத்து வந்து, பின்சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்தார். பின்னால் பாரம் இருந்தால்தான் வண்டியின் லட்சணம் தெரியுமாம்.

மேலே, கோபுரம் தெரிகிற இடமாகப் பார்த்துக் கோவர்த்தனன் காரை நிறுத்தினான். "இன்ஜின் ஆறட்டும், அரைமணி ஆவும்" என்று டீ குடிக்கப் போனான்.

சென்னம்மா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவளுக்கு இடது கால் மடங்காது. பஸ் படி ஏற முடியாது. புதிதாக வருகிற குட்டிக் கார்களில் அந்தக் கால் அடங்காது. பெரிய டாக்சி வைக்க ஏகாம்பரத்தின் கூலி போதாது.

"ஏன்யா, புள்ளயே இல்லாதவங்க நாம. குவைத்து மவன்னு இன்னும் எத்தினி நாளு பொய் சொல்லிக்கினு இருப்ப? பாவம் அந்தத் தம்பி. இன்னிக்குச் சொல்லிடு."

"சொல்லிட்டா அடுத்த மாசம் உன்ன எப்டி இட்டாருவேன்?"

சென்னம்மா கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியபோது கடை வாசலில் ஓர் இளைஞன் காத்திருந்தான்.

"நம்ம கிரண்குமாரு. குவைத்துல டிரைவரா இருந்துட்டு இப்ப இங்கயே செட்டில் ஆயிட்டான்" என்றான் கோவர்த்தனன்.

"அட, உங்க மவனும் குவைத்தாமே பெரியவரே? எந்த ஏரியா? இன்னா கம்பெனி?" என்றான் கிரண்குமார்.

கோவர்த்தனன் கண்ணைக் காட்டியதை அவன் கவனிக்கவில்லை. ஏகாம்பரம் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். சென்னம்மா 'சொல்லு' என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"மவனும் இல்ல, காரு வாங்கக் காசும் இல்ல தம்பி. இவளுக்குக் கோபுரம் காட்டத்தான் இவ்ளோ நாடகமும். என்னால உன் வியாபாரம் கெட்டுப்போச்சு. இனிமே வரமாட்டோம். வண்டிய நல்ல பார்ட்டியாப் பாத்து வித்துடு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோவர்த்தனன் கார் சாவியைக் கிரண்குமாரின் கையில் கொடுத்தான்.

"நீங்க மொத தடவ பாத்துட்டுப் போன மறுநாளே வண்டி வித்துப்போச்சு பெரியவரே. இவன்தான் ஓனரு. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் இவன்கிட்ட கேட்டு வாங்கியாந்து இங்க நிறுத்தி வெக்கிறேன்."