இருபத்து நாலு விளக்குகள்

“இது யாருக்கும்மா தேவை?” என்றார் பேராசிரியர் துங்.

பெய்ஷான் இறுதி ஆண்டு மாணவி. சமுதாயத்துக்கு உதவும் கருவி ஒன்றைச் செய்து காட்டினால்தான் பட்டம். அவள் செய்ததோ, குப்பை வண்டியின் பாட்டைக் கேட்டதும் பளிச்சென்று எரியும் ஒரு விளக்கு.

தைவானில், எங்கள் தைனான் நகரத்தில், குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும். ஒரு நாள் ஆறு மணிக்கு, ஒரு நாள் ஆறரைக்கு. கேட்டதும் மூட்டையோடு ஓடிப்போய் நாமே வண்டியில் போட வேண்டும். வாசலில் வைத்துவிட்டுப் போனால் தெருவே திட்டும்.

“அந்தப் பாட்டு நாலு தெருவுக்குக் கேக்குது. அதுக்கு விளக்கா? உங்க கட்டடத்துல காது கேக்காதவங்க யாராவது இருக்காங்களா?”

“அப்படி யாரும் சொல்லல சார்.”

“அப்புறம் எதுக்கு இருபத்து நாலு வீட்டு ஜன்னல்லயும் மாட்டி வெச்சே? நாளைக்கு வந்து பார்க்கறேன். ஒருத்தருக்காவது தேவைன்னு தெரியலைன்னா, அடுத்த வருஷம் திரும்பச் செய்.”

மறுநாள் மாலை சொன்னபடியே வந்து நின்றார். கட்டடத் தலைவர் லாய் சிரித்தார்.

“தேவையாவது ஒண்ணாவது! பாவம், பொண்ணு பாஸ் ஆகணுமேன்னு மாட்டிக்கிட்டோம்.”

அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். பேராசிரியர் படிவத்தை எடுத்து, ‘தேவை’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். பெய்ஷானுக்குக் கண் கலங்கியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, அழுத்தக்காரி.

அப்போது வண்டியின் பாட்டு கேட்டது. இருபத்து நாலு ஜன்னல்களும் சிவப்பாக ஒளிர்ந்தன. மூட்டையோடு முதல் ஆளாக இறங்கி வந்தாள் மூன்றாம் மாடித் தையல்காரி யூஹுவா. பின்னாலேயே மற்ற வீடுகளிலிருந்தும் மூட்டையோடு ஓடி வந்தார்கள்.

“இந்த அம்மாவைப் பாருங்க சார்,” என்றார் லாய். “முன்னெல்லாம் வண்டியை விட்டுட்டு, மூட்டையைப் படியிலயே வெச்சிருக்கும். எவ்வளவு சண்டை! இப்பதான் சோம்பல் போயிருக்கு.”

யூஹுவா அவர்களைத் தாண்டிப் போகையில் சாவி நழுவி விழுந்தது.

“அம்மா, சாவி!” என்றார் பேராசிரியர். இன்னும் உரக்க இரண்டு முறை கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை.

பெய்ஷான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினாள். யூஹுவா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

பேராசிரியர் பெய்ஷானைத் தனியே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

“அவங்களுக்கா?”

“எனக்குத் தெரியும்னு அவங்களுக்கே தெரியாது சார். வெளியில தெரிஞ்சா தைக்கக் குடுக்க மாட்டாங்கன்னு மறைக்கறாங்க போல.”

“அப்ப ஒரு விளக்கு போதுமே?”

“ஒரு ஜன்னல்ல மட்டும் எரிஞ்சா, எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார்.”

பேராசிரியர் ‘இல்லை’யை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார்.

லாய் எட்டிப் பார்த்தார். “அட, பாஸா! விளக்கு யாருக்குத் தேவைன்னு எழுதினீங்க சார்?”

“உங்க இருபத்து நாலு வீட்டுக்கும்தான்,” என்றார் பேராசிரியர். “எரிஞ்சதும் எல்லாரும் இறங்கி ஓடி வந்தீங்களே!”