அசல் எஞ்சின்

இந்த மனுஷருக்கு உள்ளே வந்து பார்க்கத் தோன்றவே தோன்றாது என்று, மாவு அரைத்தபடியே நினைத்துக்கொண்டாள். சட்டையில் மாவு ஒட்டிவிடுமாம். அவள் கணவர் எப்போதும் மாவு மில் வாசலில் நின்றுதான் பேசுவார்.

"தகடெல்லாம் மாத்தி, பெயின்ட்டும் அடிச்சாச்சு. அறுபது வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரு! அசல் எஞ்சின் மட்டும் சிக்கட்டும், அப்புறம் நான் ராஜா."

"அதுவரைக்கும் தள்ளிக்கிட்டே போற ராஜா" என்றாள், கோதுமையைக் கொட்டியபடி. காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எவனோ படுபாவி எஞ்சினைக் கழட்டி வித்துட்டான். மூணு வருஷமா ஊர் ஊரா அலையறேன். அதோட அருமை உனக்கெங்க தெரியப்போகுது? அடுத்த வாரம் மில்லை மூடிடு. காரை நிறுத்த இடம் வேணும். உங்கப்பா மாட்டி வச்ச அந்த ஓட்டை எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

அவள் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் கிரீஸைத் துடைத்தபோது அதன் பக்கவாட்டில் ஓர் எண் தெரிந்தது. அன்றே வீட்டுக்குப் போய், காரின் பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

"என்ன, மூடிடறியா?"

"மாட்டேங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்தவரின் பையை வாங்கினாள்.